காஸ்மெடிக் லைசென்ஸ் கன்சல்டன்ட்: கொடுத்த காசுக்கு என்ன கிடைத்தது?

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். சோப்பு, கூந்தல் எண்ணெய், முகத்துக்குப் போடும் கிரீம் என்று எதையாவது தயாரித்து விற்க லைசென்ஸ் எடுக்கப் போகிறீர்கள் என்றால், நான் அமர்த்தியது போன்ற ஒரு கன்சல்டன்ட் கிடைத்தால் தாராளமாகக் காசு கொடுக்கலாம். ஐந்துக்கு நாலு மார்க் போடுவேன். மீதி ஒரு மார்க் எங்கே போனது என்பதும் கீழே இருக்கிறது. அவர் கோவையில் ஒரே அறையில், ஒரு உதவியாளரை மட்டும் வைத்துக்கொண்டு தொழில் செய்பவர். குறைகளையும் சேர்த்து எழுதுவதால் பெயரைப் போடவில்லை. எந்த ஊரில் யாரைப் பிடித்தாலும் அவரிடம் என்ன எதிர்பார்க்கலாம் என்று தெரிந்துகொள்ள இது உதவினால் போதும்.

எங்களுக்குப் பொள்ளாச்சி பக்கம் தென்னந்தோப்பு. கொப்பரையை நாங்களே காயவைத்து, நாங்களே செக்கில் ஆட்டுகிறோம். எண்ணெயாக விற்பதோடு நிற்காமல் சோப்பு, கூந்தல் எண்ணெய், நலங்கு மாவு, கற்றாழை கிரீம், கண்மை என்று ஐந்து சரக்கு போடுவது திட்டம். நான் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி. தயாரிப்பை மேற்பார்வை பார்க்கத் தகுதியுள்ள முழுநேர ஆள் ஒருவர் இருக்க வேண்டும் என்று விதி சொல்கிறது, பார்மசி டிப்ளமோ படித்தவரோ வேதியியல் படித்தவரோ இருந்தால் சரி. அந்த ஒரு சம்பளம் எங்களுக்கு மிச்சம்.

இவரிடம் போவதற்கு முன்னால் இன்னொருவரிடம் போனில் பேசினேன். "ஃபார்ம் 31 போடணும், ஆபீஸ்ல நம்மாளு இருக்காரு, நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க" என்றார். அதோடு சரி. 1940-ஆம் வருடத்து மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டம்தான் இன்றைக்கும் அடிப்படை என்றாலும், 2020 டிசம்பரில் அழகுசாதனப் பொருட்களுக்கென்று தனி விதிகள் வந்துவிட்டன. பழைய படிவம் 31-க்குப் பதில் இப்போது சிஓஎஸ்-5-இல் விண்ணப்பிக்க வேண்டும். கிடைக்கிற லைசென்ஸ் சிஓஎஸ்-8. அடுத்தவர் தொழிற்சாலையில் நம் சரக்கைச் செய்து வாங்கும் லோன் லைசென்ஸ் என்றால் சிஓஎஸ்-9. கன்சல்டன்ட் வாயிலிருந்து வருகிற படிவ எண்ணைக் கவனியுங்கள். ஆள் எந்த வருடத்தில் நின்றுவிட்டார் என்று தெரிந்துபோகும்.

அப்புறம், "கையால செய்யற சோப்புக்கு லைசென்ஸே வேண்டாம்" என்று சொல்பவர்கள் நிறைய இருக்கிறார்கள். ஒரு காலத்தில் சோப்பு அந்தச் சட்டத்தின் வரையறையில் இல்லாமல்தான் இருந்தது. 1982-இல் சட்டத்தைத் திருத்தி உள்ளே கொண்டுவந்துவிட்டார்கள். கையால் செய்தாலும் மிஷினில் செய்தாலும் விற்பதென்றால் லைசென்ஸ் வேண்டும்.

சரி, இவர் வேலையைப் பற்றி. முதல் நாள் விண்ணப்பத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஐந்து சரக்கிலும் என்னென்ன சேர்கிறது, ஒவ்வொன்றும் எந்தக் கடையில் வாங்கியது, பில் இருக்கிறதா, அந்த லாட்டுக்கு சப்ளையர் கொடுத்த சோதனைச் சான்று இருக்கிறதா என்று வரிசையாகக் கேட்டார். மேஜை மேல் பில்லையும் சான்றையும் ஜோடி ஜோடியாகப் பரப்பினார். ஜோடி சேராதது எல்லாம் ஒரு பக்கம் ஒதுங்கியது. சோப்புக்கு ரோஸ் நிறம் வேண்டும் என்று கேட்டபோது ஒரு கடையில் சாம்பிளாகக் கொடுத்திருந்த சின்னப் பொட்டலம் ஒன்றும் அதில் இருந்தது.

"இதுக்கு சிஐ நம்பர் என்னங்கம்மா?"

"பொட்டலத்துல ஒண்ணும் போடலைங்க சார். சோப்புக்கு எல்லாரும் இதைத்தான் வாங்கறாங்கன்னு கடைக்காரர் சொன்னாருங்க."

"அப்ப இது என்னன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. என்னன்னே தெரியாததை லிஸ்ட்டுல எங்க போய்த் தேடறதுங்க?"

நிறங்களுக்கு உலகம் முழுக்க ஒரே எண் வரிசை உண்டு, அதுதான் சிஐ நம்பர். டார்ட்ரசீன் மஞ்சள் 19140, சிவப்பு இரும்பு ஆக்சைடு 77491, துணிச் சாயமான ரோடமைன்-பி 45170. 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சு மிட்டாய்க்குத் தடை போட்டது இந்த ரோடமைனால்தான். கண்ணுக்கு எல்லாம் சிவப்பு, ரோஸ்தான். எண் இல்லாமல் எது எது என்று பிரிக்கவே முடியாது. அழகுசாதனப் பொருளில் எந்த நிறத்தைப் போடலாம் என்பதற்கு ஐஎஸ் 4707 என்கிற இந்தியத் தர ஆவணத்தின் முதல் பகுதி, எந்தப் பொருள் பாதுகாப்பானதாகக் கருதப்படவில்லை என்பதற்கு அதன் இரண்டாம் பகுதி. இரண்டையும் இந்தத் தரங்களை வெளியிடுகிற பிஐஎஸ் அமைப்பின் இணையதளத்தில் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். அவர் என்னை உட்காரவைத்து இறக்கச் சொன்னார். எங்கள் பட்டியலில் இருந்த ஒவ்வொரு பெயரையும் நானே தேடிப் பார்த்து, பக்க எண்ணோடு எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார். இதை அவரோ உதவியாளரோ ஒரு மணி நேரத்தில் முடித்திருக்கலாம். என்னைச் செய்யவைத்ததற்குத்தான் நான் முதல் மார்க்கைப் போடுகிறேன். பின்னால் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இன்ஸ்பெக்டர் கேட்டபோது பதில் என் வாயிலிருந்தே வந்தது.

ரோஸ் பொட்டலம் குப்பைக்குப் போனது. சோப்பு அதன் சொந்த வெள்ளையிலேயே இருக்கிறது.

மஞ்சள் விஷயம் இதைவிடப் பெரியது. நலங்கு மாவுக்குக் கஸ்தூரி மஞ்சள் பொடி ஒரு மொத்த வியாபாரியிடம் வாங்கியிருந்தோம். மூட்டையைப் பிரித்தால் பளீரென்று இருந்தது. அவர் ஒரு சிட்டிகையை வெள்ளைத் தாளில் தேய்த்துப் பார்த்துவிட்டு, "கஸ்தூரி மஞ்சள் இவ்வளவு மஞ்சளா இருக்காதுங்களே" என்றார். நிஜம்தான். நல்ல கஸ்தூரி மஞ்சள் அரைத்தால் வெளிறித்தான் இருக்கும், வாசனைதான் அதற்கு அடையாளம். நிறம் தூக்கலாகத் தெரிய மஞ்சளில் லெட் குரோமேட் கலப்பது பழைய மோசடி. அதில் இருப்பது ஈயம். ஆய்வகங்களுக்குத் தகுதிச் சான்று தரும் என்ஏபிஎல் அமைப்பின் அங்கீகாரம் உள்ள ஆய்வகத்துக்கு அனுப்பச் சொன்னார். முகத்துக்கும் உடம்புக்கும் போடும் பவுடரில் ஈயம் 20 பிபிஎம், ஆர்செனிக் 2 பிபிஎம் வரைதான் இருக்கலாம். ஒரு கிலோவில் 20 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வந்த ரிப்போர்ட்டில் ஆர்செனிக் சரியாக இருந்தது, ஈயம் வரம்பைத் தாண்டியிருந்தது.

நலங்கு மாவை வாங்குகிறவர்கள் யார் என்று யோசித்துப் பாருங்கள். பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டத்தான் பாதிப் பேர் கேட்கிறார்கள். ஈயம் உடம்பில் சேர்ந்தால் முதல் அடி குழந்தைகளின் மூளை வளர்ச்சிக்குத்தான். "வீட்டு முறை", "பாட்டி கால முறை" என்று கவரில் அச்சடிப்பதால் மூட்டையில் இருக்கிற ஈயம் குறையப் போவதில்லை. வியாபாரியிடம் ரிப்போர்ட்டைக் காட்டியபோது, "எல்லாரும் வாங்கறாங்க, நீங்க ஒருத்தர்தான் இதையெல்லாம் கேக்கறீங்க" என்றார். மூட்டையைத் திருப்பி எடுக்கவும் இல்லை, பணமும் தரவில்லை. இப்போது கிழங்காகவே வாங்கி, கழுவி, சீவிக் காயவைத்து நாங்களே அரைக்கிறோம். லாட்டுக்கு ஒரு தடவை ஈயச் சோதனை. செலவுதான், ஆனால் இந்தச் செலவைக் குறைக்க எனக்கு மனம் வராது.

சோப்புக்கு வந்தால், ஐஎஸ் 2888 மூன்று தரம் சொல்கிறது. மொத்தக் கொழுப்புப் பொருள், அதாவது டிஎஃப்எம், 76 சதவீதம் இருந்தால் முதல் தரம், 70 இரண்டாம் தரம், 60 மூன்றாம் தரம். சூடு காட்டாமல் செய்கிற சோப்பில் கிளிசரினும் தண்ணீரும் உள்ளேயே தங்குவதால் இந்த எண் குறைவாகத்தான் வரும். எங்களுடையது மூன்றாம் தரம். ரேக்கில் கூடுதல் நாள் ஆறவிட்டால் தண்ணீர் வற்றி டிஎஃப்எம் கொஞ்சம் ஏறும் என்று சொன்னார், ஏறியது. அவர் அதைவிட அழுத்திச் சொன்னது எண்ணெயைச் சோப்பாக்கச் சேர்க்கிற காஸ்டிக் சோடாவில் மிஞ்சியது பற்றி. 0.05 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. தோலை எரிக்கிறது அதுதான்.

கற்றாழை கிரீமில்தான் எனக்கும் அவருக்கும் கொஞ்சம் வாக்குவாதம். "கெமிக்கல் இல்லாத கிரீம்" என்று கேட்டுத்தான் சனம் வருகிறது, பிரிசர்வேடிவ் போடாமல் செய்ய முடியாதா என்று கேட்டேன். தண்ணீரும் கற்றாழைச் சாறும் இருக்கிற டப்பாவில் தினமும் விரலை விடுகிறார்கள், அதில் கிருமி வளராமல் எது தடுக்கும் என்று திருப்பிக் கேட்டார். கிரீமுக்கான ஐஎஸ் 6608-படி ஒரு கிராமில் 1,000 நுண்ணுயிருக்கு மேல் இருக்கக் கூடாது. பினாக்ஸி எத்தனால் என்கிற பிரிசர்வேடிவ் ஐரோப்பியப் பட்டியலில் 1 சதவீதம் வரை அனுமதிக்கப்பட்டது, அந்த அளவுக்குள் போடலாம் என்று சொன்னார். போட்டதோடு விடாமல், கிரீமில் வேண்டுமென்றே பாக்டீரியாவையும் பூஞ்சையையும் விட்டு 28 நாள் வரை எண்ணிப் பார்க்கிற சோதனையும் செய்யவைத்தார். அந்த ரிப்போர்ட்டைப் பார்த்த பிறகு எனக்கு எந்தச் சங்கடமும் இல்லை. பிரிசர்வேடிவ் பெயரை லேபிளில் தெளிவாகப் போட்டிருக்கிறேன். கேட்கிறவர்களுக்கு ஏன் என்று விளக்குகிறேன். பெரும்பாலானவர்கள் புரிந்துகொள்கிறார்கள்.

கண்மையைக் கைவிட்டோம். கண்ணுக்குப் போடுவதற்குத் தனி இடம், தனிப் பாத்திரம், ஐஎஸ் 15154 சொல்கிற சோதனைகள் என்று கணக்குப் போட்டுக் காட்டி, "இப்பத்திக்கு வேண்டாமுங்க" என்றார். ஒரு சரக்கு கூடினால் அவருக்குக் கட்டணமும் கூடும். இருந்தும் வேண்டாம் என்று சொன்ன ஆளை நான் நம்புகிறேன்.

லேபிள் விஷயத்தில் இவர் கறார். டிசைனர் பையன் குப்பைமேனி சோப்பு கவரில் "முகப்பரு நீங்கும், தேமல் மறையும், நிறம் சிவக்கும்" என்று அழகாக அடித்து வைத்திருந்தான். மூன்றையும் சிவப்பு மையில் அடித்தார். சுத்தம் செய்ய, அழகாகக் காட்ட என்று சொல்லும் வரைதான் அது அழகுசாதனப் பொருள். நோயைக் குணமாக்கும் என்று எழுதிய நிமிடமே மருந்து ஆகிவிடும். சித்தா, ஆயுர்வேத மருந்துக்கு லைசென்ஸே வேறு. இன்னொன்றும் சொன்னார்: நிறம் சிவக்கும், புது முடி முளைக்கும் என்பதெல்லாம் மருந்தின் லேபிளில்கூடப் போட முடியாது, மருந்து எதையெல்லாம் தீர்க்கும் என்று சொல்லக் கூடாது என்கிற ஷெட்யூல் ஜே பட்டியலில் வருகிறது. தேங்காய் எண்ணெய்க்கும் இதே கவனம். சின்ன பாட்டிலில் விற்கிற சுத்தமான தேங்காய் எண்ணெய் சமையல் எண்ணெயா, கூந்தல் எண்ணெயா என்று சேலம் கலால் துறை வழக்கு ஒன்று உச்ச நீதிமன்றம் வரை போய் 2024 டிசம்பரில்தான் முடிந்தது. சமையல் எண்ணெய்க்கான தரத்தோடு அப்படியே விற்றால் சமையல் எண்ணெய், கூந்தல் எண்ணெய் என்று லேபிள் போட்டு விற்றால் கூந்தல் எண்ணெய். அதனால் எங்கள் இரண்டு பாட்டிலுக்கும் வடிவமே வேறு வேறாக வைத்தோம்.

மற்றபடி லேபிளில் தயாரிப்பாளர் பெயர், முழு முகவரி, பேட்ச் எண், லைசென்ஸ் எண், எந்த மாதம் எந்த வருடத்துக்குள் பயன்படுத்த வேண்டும், உள்ளே இருப்பவை என்று எல்லாம் வர வேண்டும். 1 சதவீதத்துக்கு மேல் சேர்பவை அளவில் பெரியதிலிருந்து சிறியதாக, மற்றவை அதற்குப் பின்னால். "விலங்குகளிடம் சோதிக்கவில்லை" என்று போடலாமா என்று கேட்டேன். இந்தியாவில் அந்தச் சோதனைக்கு 2014-லேயே தடை வந்துவிட்டது, எல்லாரும் செய்ய வேண்டியதை நாம் மட்டும் செய்வது போல் எழுத வேண்டாம் என்றார். எனக்கும் அது சரியாகவே பட்டது.

நான் உட்கார்ந்திருந்தபோதே இன்னொரு வாடிக்கையாளர் வந்தார். மருதாணிப் பொடி, ஆனால் முடி கருகருவென்று ஆக வேண்டும். பிபிடி என்கிற சாயப் பொருளைக் கலந்து தர ஒரு சப்ளையர் தயாராக இருக்கிறாராம், கவரில் "முழுக்க மூலிகை" என்று போடலாமா என்று கேட்டார். கன்சல்டன்ட் எழுந்து பீரோவிலிருந்து ஒரு பழைய டை பாக்கெட்டை எடுத்து அதன் பின்பக்கத்தைக் காட்டினார். தோல் எரிச்சல் வரலாம், முதலில் சோதித்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள், புருவத்துக்கும் இமைக்கும் போடாதீர்கள், பார்வை போய்விடும் என்கிற எச்சரிக்கை ஆங்கிலத்திலும் உள்ளூர் மொழியிலும் இருந்தே ஆக வேண்டும். "இதைப் போட்டுட்டு மேல மூலிகைன்னும் போடுவீங்களா?" என்று கேட்டார். வந்தவர் பிறகு கூப்பிடுகிறேன் என்று போய்விட்டார்.

எனக்குப் பிடித்த நாள், இன்ஸ்பெக்டர் வருவதற்கு முன்னால் அவர் எங்கள் ஷெட்டுக்கு வந்த நாள். ரேக்கிலிருந்து கைக்கு வந்த ஒரு சோப்பை எடுத்தார். "இதுல இருக்கற காஸ்டிக் எந்த மூட்டைங்க? எண்ணெய் என்னைக்கு ஆட்டினது? இதே பேட்ச்ல மீதி சோப்பு எங்கெங்க போயிருக்கும்?" பேட்ச் ரெக்கார்டைப் புரட்டி மூன்றுக்கும் பதில் சொல்லும் வரை டீயைக்கூடத் தொடவில்லை. நாளைக்கு ஒரு சோப்பால் யாருக்காவது தோல் பொத்துப்போனால், அந்த பேட்ச்சை மட்டும் கடைகளிலிருந்து திருப்பி எடுக்க இந்த நோட்டுதான் வழி. ஒவ்வொரு பேட்ச்சிலும் ஒரு சாம்பிளைத் தேதி போட்டு அலமாரியில் வைக்கச் சொன்னார், வைத்திருக்கிறோம். மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இன்ஸ்பெக்டர் வந்தபோதும் ஏறக்குறைய இதே கேள்விகள்தான்.

கேரளத்தில் நடந்ததைப் படித்தவர்களுக்கு இதன் அவசியம் தெரியும். 2023-இல் மலப்புறம் கோட்டக்கல்லில் ஒரு மருத்துவமனைக்குச் சிறுநீரகப் பாதிப்போடு வந்தவர்களை டாக்டர்கள் விசாரித்தபோது, பலரும் முகம் வெளுக்கிற கிரீம் போட்டவர்கள் என்று தெரிந்தது. கிரீமில் பாதரசம். யார் தயாரித்தது என்கிற விவரம்கூட இல்லாத டப்பாக்கள் அதில் இருந்தன. நம் விதிப்படி தற்செயலாகக் கலந்துவிட்ட பாதரசம்கூட 1 பிபிஎம்மைத் தாண்டக் கூடாது. டப்பாவில் முகவரியும் லைசென்ஸ் எண்ணும் இல்லை என்றால் யாரைப் போய்ப் பிடிப்பது? நம் ஊர் பியூட்டி பார்லர்களிலும் அப்படிப்பட்ட டப்பாக்கள் இருக்கின்றன. வாங்குகிறவர்களும் திருப்பிப் பார்க்க வேண்டும்.

இப்போது குறைகள். கட்டணம் 40,000 ரூபாய் என்று வாயால் சொன்னார், எதெல்லாம் அதில் அடங்கும் என்று எழுதித் தரவில்லை. ஆய்வகச் செலவு தனி, கட்டட வரைபடம் போடுகிறவருக்குத் தனி, அவர் ஷெட்டுக்கு வந்துபோன கார் வாடகையும் தனி என்று ஒவ்வொன்றாகத்தான் தெரிந்தது. எல்லாம் நியாயமான தொகைதான், முன்னாலேயே தெரிந்திருந்தால் பாங்க் லோனில் சேர்த்துக் கேட்டிருப்பேன். போன் எடுக்க மாட்டார். வாட்ஸ்அப்பில் கேட்டால் ராத்திரி பத்து மணிக்கு மேல் பதில் வரும்.

இட அளவு பற்றி முதல் நாளே பேசியிருக்க வேண்டும், பேசவில்லை. சிறிய அளவில் குளியல் சோப்பு செய்ய 100 சதுர மீட்டர், கிரீமுக்கு 25, பவுடருக்கு 15 என்று விதிகளின் அட்டவணை பரிந்துரைக்கிறது. சுவர் தரையிலிருந்து ஆறடி உயரம் வரை வழுவழுப்பாக, தண்ணீர் இறங்காததாக இருக்க வேண்டும். எங்களிடம் பழைய கொப்பரை ஷெட் இருந்ததால் டைல்ஸ் ஒட்டிச் சமாளித்தோம். வீட்டு மாடியில் செய்யலாம் என்று நினைத்து வருகிறவர்களுக்கு இந்த ஒரு தகவலே முடிவை மாற்றிவிடும். அவர்களுக்கு லோன் லைசென்ஸ்தான் சரிப்படும், அதை முதல் பேச்சிலேயே சொல்வதுதான் நியாயம்.

ஏற்றுமதி அவருக்குக் கைவந்த வேலை இல்லை. பினாங்கிலிருந்து ஒருவர் நலங்கு மாவு கேட்டார். மலேசியா, சிங்கப்பூர் எல்லாம் ஆசியான் நாடுகளுக்கான பொது விதிமுறையில் வருகின்றன, அங்குள்ள நிறுவனம் ஒன்று தன் பெயரில் பதிவு செய்ய வேண்டும் என்ற அளவுக்குச் சொல்லிவிட்டு, வேறு ஆளைப் பாருங்கள் என்றார். தெரியாததைத் தெரிந்த மாதிரி காட்டவில்லை என்பதில் எனக்குத் திருப்திதான், ஆனால் வெளிநாட்டு ஆர்டரை நம்பித் தொழில் தொடங்குகிறவர்களுக்கு இவர் போதாது.

லைசென்ஸ் வந்ததும் எல்லாக் கோப்புகளையும் ஒரு பாக்ஸ் ஃபைலிலும் பென் டிரைவிலும் போட்டு என் கையில் கொடுத்துவிட்டார். சிலர் ஒரிஜினலைத் தங்களிடமே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தடவையும் காசு கேட்கிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். நீங்கள் கட்டாயம் கேட்டு வாங்கிவிடுங்கள். லைசென்ஸுக்குக் காலாவதி கிடையாது, ஆனால் ஐந்து வருடத்துக்கு ஒரு முறை தக்கவைப்புக் கட்டணம் கட்ட வேண்டும், அந்தத் தேதியை ஃபைலின் மேலேயே எழுதி ஒட்டியிருக்கிறார்.

அடுத்து சீயக்காய் ஷாம்பு சேர்க்கப் போகிறோம். சரக்குப் பட்டியலையும் சப்ளையர் சான்றுகளையும் ஏற்கெனவே அவருக்கு அனுப்பிவிட்டேன். இந்த முறை எதற்கு எவ்வளவு என்று பிரித்து எழுதித் தந்த பிறகுதான் முன்பணம் கொடுப்பேன் என்றும் சொல்லியிருக்கிறேன், சரி என்றிருக்கிறார்.